டீசல் யாருக்குக் கிடைக்கும்? பட்டியல் எழுதுவது யார்?

(எரிபொருள் வரியையும் இயந்திர வாடகை உயர்வையும் எதிர்த்து தாலுகா ஆபீஸ் முன்பு நடந்த ஆர்ப்பாட்டத்தில் நமது சங்கச் செயலாளர் பேசியது. கேட்ட தோழர்கள் அச்சில் வேண்டும் என்று கேட்டதால் பேசியபடியே வெளியிடுகிறோம்.)



குறுவை அறுப்பு நேரத்தில் ஆர்ப்பாட்டம் வைத்தால் யார் வருவார்கள் என்று கமிட்டியிலேயே சிலர் கேட்டார்கள். கேட்டது நியாயம்தான். கதிர் தலைசாய்ந்து நிற்கிறது, மேற்கே மேகம் கட்டுகிறது, மெஷின் இன்னும் வரவில்லை. ஆனாலும் இவ்வளவு பேர் வெயிலில் வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள் என்றால், விஷயம் எல்லோர் வயிற்றிலும் அடித்திருக்கிறது என்று அர்த்தம்.

இந்தக் குறுவைக்கு செயின் மெஷினுக்கு மணிக்கு 300 ரூபாய் கூட்டிக் கேட்கிறார்கள். ஏன் என்று புரோக்கரைக் கேட்டால் ஒரே பதில்: "டீசல் விக்கிற விலைக்கு என்னண்ணே பண்றது?" அதோடு நம் வாய் அடைத்துப் போகிறது. டீசல் என்ற சொல்லைக் கேட்டதும் நாம் கணக்குக் கேட்பதை நிறுத்திவிடுகிறோம். இன்றைக்கு அந்தக் கணக்கைக் கேட்கத்தான் கூடியிருக்கிறோம்.

2025 ஏப்ரலில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். மத்திய அரசு டீசல் மேல் லிட்டருக்கு 2 ரூபாய் கலால் வரி ஏற்றியது. அன்றைக்கு பங்க்கில் விலை ஏறவில்லை. எண்ணெய்க் கம்பெனிகளே அதை ஏற்றுக்கொள்ளும் என்று அரசாங்கம் சொன்னது. அப்படியே நடந்தது. ஆனால் டிவியில் செய்தி ஓடின மறுநாள் நம்ம ஊரில் கோடை உழவுக்கு டிராக்டர் வாடகை ஏறியது. பங்க்கில் ஏறாத விலை வயலில் ஏறியது. அதற்கு முன்னால், 2021 நவம்பரில் டீசல் மேல் இருந்த வரியில் 10 ரூபாய் குறைத்தார்களே, 2022 மே மாதத்தில் இன்னொரு 6 ரூபாய் குறைத்தார்களே, அப்போது உங்களில் யாருக்காவது வாடகை பத்து ரூபாய் குறைந்ததா? கை தூக்குங்கள் பார்ப்போம். ஒரு கைகூட இல்லை.

இதற்காக டிராக்டர்காரர் மேல் பாய வேண்டாம் தோழர்களே. அவரும் பைனான்ஸில் தவணை கட்டுகிறவர்தான். ஆத்தூரிலிருந்தும் சேலத்திலிருந்தும் வருகிற அறுவடை மெஷின்காரர் லாரியில் ஏற்றி இறக்கி, டிரைவருக்கும் புரோக்கருக்கும் கொடுத்துவிட்டு மீதியைக் கொண்டுபோகிறார். பிரச்சினை என்னவென்றால், நாம் டீசலை பங்க்கில் வாங்குவதில்லை. வாடகையாக வாங்குகிறோம். இரண்டு ஏக்கர், மூன்று மா வைத்திருக்கிறவர் பெயரில் பங்க்கில் ஒரு ரசீதுகூட இருக்காது. ஆனால் அவர் வயலில் ஊற்றுகிற டீசல் பெரிய பண்ணைக்காரர் ஊற்றுகிற அளவேதான். ரசீது இல்லாதவன் கணக்கில் வரமாட்டான். கணக்கில் வராதவனுக்கு மானியமும் கிடையாது, பஞ்ச காலத்தில் பங்கும் கிடையாது.

பழைய கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இளைஞர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

1973 அக்டோபரில் அரபு நாடுகளுக்கும் இஸ்ரேலுக்கும் யுத்தம். அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தின. பீப்பாய் 3 டாலர் சொச்சம் விற்ற கச்சா எண்ணெய் 1974 ஜனவரிக்குள் 12 டாலரைத் தொட்டது. டெல்லியில் பெட்ரோல் விலையை ஏற்றினார்கள். 1973 நவம்பர் 12 அன்று வாஜ்பாய் அவர்கள் அதைக் கண்டித்து மாட்டு வண்டியில் பார்லிமெண்டுக்குப் போனார். அந்தப் படத்தை இன்றைக்கும் போட்டுக் காட்டுகிறார்கள். நல்ல படம்தான். ஆனால் அவர் பிரதமராக இருந்தபோதுதான், 2002 ஏப்ரல் 1 முதல், எண்ணெய் விலையை அரசாங்கம் கட்டுப்படுத்துகிற பழைய ஏற்பாட்டைக் கலைத்தார்கள். அடுத்து வந்த காங்கிரஸ் ஆட்சி 2010 ஜூனில் பெட்ரோலை அவிழ்த்துவிட்டது, 2013 ஜனவரியில் டீசலுக்கு மாதம் 50 காசு என்று ஏணி வைத்தது. மோடி ஆட்சி 2014 அக்டோபரில் அந்த டீசலையும் அவிழ்த்துவிட்டது. 2017 ஜூன் 16 முதல் தினமும் காலை ஆறு மணிக்கு விலை மாற்றலாம் என்று ஆகிவிட்டது. நெல்லுக்கு வருஷத்துக்கு ஒரு விலை. அதில் ஊற்றுகிற டீசலுக்குத் தினம் ஒரு விலை. எந்தக் கொடியையும் தனியாகக் குறை சொல்ல வரவில்லை. எதிர்க்கட்சியாக இருக்கும்போது எல்லோரிடமும் ஒரு மாட்டு வண்டி இருக்கிறது என்றுதான் சொல்கிறோம்.

அந்த 1974-ல் நம் அப்பாக்களை அடித்தது பெட்ரோல் இல்லை. அப்போது ஊரில் வண்டி ஏது? அடித்தது யூரியா. 1974 ஜூனில் யூரியா விலை ஏறத்தாழ இரண்டு மடங்கானது. உரம் செய்வதும் எண்ணெயில், எரிவாயுவில்தான். சொசைட்டியில் மூட்டை வந்த அன்றைக்கு யாருக்குத் தெரியுமோ அவருக்கு மூட்டை. மற்றவர்கள் எருக்குழியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். 1979-ல் ஈரானில் புரட்சி. அதோடு அசாமில் கிளர்ச்சி, அங்கிருந்து கச்சா எண்ணெய் பீகார் ஆலைக்கு வராமல் நின்றது. வடக்கே டீசலுக்கு டிராக்டர்கள் வரிசையில் நின்றன.

நம் கண்ணால் பார்த்தது 1990. ஆகஸ்டில் ஈராக் குவைத்துக்குள் புகுந்தது. நாட்டில் அந்நியச் செலாவணி வறண்டுவிட்டது. அக்டோபரில் பெட்ரோல், டீசல் மேல் வளைகுடா கூடுதல் வரி என்று 25 சதவீதம் போட்டார்கள். 1991-ல் 47 டன் தங்கத்தை வெளிநாட்டில் அடகு வைக்கிற நிலைமை. அது டெல்லிக் கதை. நம்ம ஊர்க் கதை வேறு.

நம்முடையது கடைமடை. சம்பா நாற்றங்கால் விட்டு இருபது நாள். வாய்க்காலில் தண்ணீர் நின்றுவிட்டது. வடிகாலில் கொஞ்சம் கிடந்தது. ஊரில் ஏழு ஆயில் இன்ஜின். ரோட்டில் இருந்த பங்க்கில் 'டீசல் ஸ்டாக் இல்லை' என்று சிலேட்டில் எழுதித் தொங்கவிட்டார்கள். ஆனால் ராத்திரியில் பேரல் பேரலாக வண்டி ஏறியது. பேரல் வைத்திருந்தவனுக்கு ஸ்டாக் இருந்தது. அஞ்சு லிட்டர் கேன் வைத்திருந்தவனுக்குத்தான் இல்லை. கிருஷ்ணாயிலைக் கலந்து ஓட்டிப் பார்த்தார்கள், இரண்டு இன்ஜினில் பம்ப் போனது. ரேஷன் கிருஷ்ணாயிலை விளக்குக்கு வைப்பதா நாற்றுக்கு வைப்பதா என்று வீட்டுக்கு வீடு சண்டை.

அப்போதுதான் ஊர்ப் பெரியவர் ஒருவர் மாரியம்மன் கோயில் திடலில் எல்லோரையும் உட்கார வைத்தார். "அவனவன் கேனைத் தூக்கிட்டு ஓடினா ஒருத்தன் நாத்தும் தேறாது. இருக்கிற டீசலை ஒரே பேரல்ல ஊத்துங்க, முறை போடுவோம்" என்றார். படித்த பையன்கள் என்று எங்கள் நாலு பேரிடம் நாற்பது பக்க நோட்டைக் கொடுத்தார்கள். எந்த நாற்றங்கால் முதலில் வாடுகிறதோ அதற்கு முதலில் இரண்டு மணி நேரம். இன்ஜின் வைத்திருக்கிறவருக்குக் கூலியாக ஒரு மணி நேரம் கூடுதல். பதினெட்டு நாள் அப்படி ஓட்டினோம். பதினெட்டாம் நாள் மழை வந்தது. பெரும்பாலான நாற்று தேறியது. சங்கம் என்று ஒன்று இந்த ஊரில் உருவானதே அந்த நோட்டிலிருந்துதான்.

ஆனால் அந்த நோட்டைப் பற்றி இதுவரைக்கும் மேடையில் சொல்லாத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். முதல் பட்டியலை நாங்கள் பட்டாவைப் பார்த்து எழுதினோம். அதுதான் சுலபமாக இருந்தது. தெற்குத் தெருவில் கோயில் நிலத்தையும் மிராசுதார் நிலத்தையும் வாய்வார்த்தையாகக் குத்தகைக்குச் செய்தவர்கள் பத்து பேர். அவர்கள் பேர் அதில் வரவில்லை. வேண்டுமென்று விடவில்லை, நினைவில் வரவில்லை. நினைவில் வராததுதான் பெரிய குற்றம். நாலாம் நாள் தெற்குத் தெருவிலிருந்து ஒரு பெரியம்மா திடலுக்கு வந்தார். சண்டை போடவில்லை. காய்ந்த நாற்று ஒரு கைப்பிடியைக் கொண்டுவந்து நோட்டு மேல் வைத்தார். "எங்க பேரை எங்க தம்பி எழுதினீங்க?" என்று கேட்டார். அன்றைக்கே பத்து பேரையும் சேர்த்தோம். ஆனால் அதற்குள் இரண்டு நாற்றங்கால் போய்விட்டது. அந்த இரண்டு குடும்பமும் அந்த வருஷம் நடவு நடவில்லை. ஒரு குடும்பம் திருப்பூர் போனது, திரும்பி வரவே இல்லை. குவைத்தில் சண்டை போட்டவன் செய்த கெடுதல் பாதி. மீதிப் பாதி எங்கள் கையெழுத்தில் நடந்தது.

ஆகையால்தான் சொல்கிறோம்: பற்றாக்குறை வந்தால் எண்ணெய் ஒரேயடியாக இல்லாமல் போவதில்லை. கொஞ்சம் இருக்கும். அந்தக் கொஞ்சம் யாருக்கு என்று முன்கூட்டியே எழுதிவைத்த பட்டியல் ஒன்று எங்கேயோ இருக்கும். அதில் பேர் உள்ளவன் பிழைப்பான்.

நமக்கு எதிர்க்கரையில் நடந்ததைப் பாருங்கள். கோடியக்கரையிலிருந்து பார்த்தால் கூப்பிடு தூரம் போலத்தான் யாழ்ப்பாணம். 1990-ல் அங்கே யுத்தம் மறுபடி தொடங்கியதும் இலங்கை அரசாங்கம் வடக்குக்கு பெட்ரோல், டீசல் போகாமல் தடை போட்டது. அங்கிருந்து படகில் வந்தவர்கள் சொன்னதை நம் கடற்கரை ஊர்க்காரர்கள் கேட்டிருக்கிறார்கள். மோட்டார் சைக்கிளை சொட்டு பெட்ரோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். ஜாம் போத்தலில் கொஞ்சம் எண்ணெய் விட்டு, திரி போட்டு, அந்த வெளிச்சத்தில் பிள்ளைகள் படித்தார்கள். வெங்காயம், மிளகாய் போட்ட தோட்டக்காரர்கள் பம்பை வைத்துவிட்டு மறுபடி துலா மிதித்து இறைத்தார்கள். வருஷக்கணக்கில் அப்படி ஓட்டினார்கள்.

அதே இலங்கையில் 2022. இந்த முறை நாடு முழுக்க. 2021-ல் ஒரே இரவில் ரசாயன உரத்தைத் தடை செய்தார்கள். விளைச்சல் விழுந்தது. பிறகு டாலர் தீர்ந்தது, எண்ணெய்க் கப்பலுக்குக் கொடுக்கக் காசில்லை. வரிசையில் நின்றே ஆட்கள் செத்தார்கள். 2022 மார்ச்சில் தனுஷ்கோடி மணல் திட்டில் கைக்குழந்தையோடு வந்து இறங்கினார்களே, அது அந்தப் பட்டினிக்குத்தான். ஜூன் கடைசியில் அத்தியாவசிய சேவை தவிர யாருக்கும் எண்ணெய் இல்லை என்று நிறுத்தினார்கள். ஜூலையில் கியூஆர் அட்டை கொண்டுவந்தார்கள். தொடக்கத்தில் வாரத்துக்கு மோட்டார் சைக்கிளுக்கு 4 லிட்டர், ஆட்டோவுக்கு 5, காருக்கு 20, டிராக்டர் வகை வண்டிக்கு 15 லிட்டர்.

அந்த அட்டை வந்ததும் வரிசை குறைந்தது. அதை மறுக்கவில்லை. பங்கீடு என்றால் அசிங்கம் என்று சில மேதாவிகள் பேசுகிறார்கள், பட்டினிக்குப் பங்கீடு எவ்வளவோ மேல். ஆனால் அட்டை வண்டி நம்பருக்கு. காருக்கு 20, டிராக்டருக்கு 15 என்பதைக் கவனியுங்கள். வாரம் 15 லிட்டரில் எத்தனை ஏக்கர் சேறடிக்க முடியும்? கேஜ் வீல் போட்டு மூணு மணி நேரம் ஓடினால் தீர்ந்தது. சாகுபடிக்கென்று தனியாகக் கேட்டுப் போராடித்தான் வாங்க வேண்டியிருந்தது. நமக்கு நாளைக்கு அந்த நிலைமை வந்தால், வண்டி இல்லாமல் வாடகைக்கு உழுகிற நம் பேர் எந்த அட்டையில் இருக்கும்?

நமக்கு எங்கே வரப்போகிறது என்று நினைக்காதீர்கள். நம் நாட்டுக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் 100-க்கு 85-க்கு மேல் வெளியிலிருந்து வருகிறது. ஆத்திர அவசரத்துக்கென்று விசாகப்பட்டினம், மங்களூர், பாதூர் ஆகிய மூன்று இடத்தில் பாறையைக் குடைந்து 53 லட்சம் டன் பிடிக்கிற கிடங்கு கட்டினார்கள். முழுசாக நிரம்பியிருந்தாலும் நாட்டுக்கு ஒன்பது, பத்து நாளைக்குத்தான் காணும். 2022 ஜூனிலேயே சில மாநிலங்களில் பங்க்குகள் காய்ந்து பார்த்தோம். நம் காலடியிலும் எண்ணெய் இருக்கிறது என்பது வேறு விஷயம். நரிமணத்திலும் கமலாபுரத்திலும் நம் வயலுக்கு அடியிலிருந்துதான் நாற்பது வருஷமாக எடுக்கிறார்கள். 2017-ல் கதிராமங்கலத்தில் குழாய் உடைந்து வயலில் எண்ணெய் ஓடியது. அப்போதுதான் நமக்கு அது இலவசமாகக் கிடைத்தது!

சிரிக்கிறீர்கள். சரி, கணக்குக்கு வருவோம்.

இன்றைக்குப் பற்றாக்குறை 'ஸ்டாக் இல்லை' என்ற சிலேட்டோடு வருவதில்லை. விலையோடு வருகிறது. ஸ்டாக் நிறைய இருக்கும், வாங்க நமக்குத்தான் காசு இருக்காது. 2014 தொடக்கத்தில் டீசல் மேல் மத்திய கலால் வரி லிட்டருக்கு 3 ரூபாய் 56 காசு. 2020 மே மாதத்தில் அது 31 ரூபாய் 83 காசு. அந்த 2020 ஏப்ரலில் அமெரிக்காவில் ஒரு நாள் கச்சா எண்ணெய் விலை பூஜ்யத்துக்குக் கீழே போனது, வாங்க ஆள் இல்லை. உலகமே மலிவாக வாங்கின நேரத்தில் நாம் வீட்டுக்குள் அடைந்து கிடந்தோம், ஒரே ராத்திரியில் டீசல் மேல் 13 ரூபாய் வரி ஏறியது. மாநில அரசும் சும்மா இருக்கவில்லை. அதே மே மாதத்தில் டீசலுக்கு 25 சதவீதம் என்று இருந்த வாட் வரியை 11 சதவீதமும் அதற்கு மேல் லிட்டருக்கு 9 ரூபாய் 62 காசும் என்று மாற்றியது. எண்ணெய் மலிந்தாலும் அந்த 9 ரூபாய் 62 காசு கரையாது. ஆட்சி மாறியது. தேர்தல் அறிக்கையில் டீசலுக்கு 4 ரூபாய் குறைப்போம் என்றார்கள். 2021 ஆகஸ்ட் பட்ஜெட்டில் பெட்ரோலுக்கு 3 ரூபாய் குறைத்தார்கள். டிவிஎஸ் 50-ல் பால் கேனும் புல்லுக்கட்டும் ஏற்றுகிறவர்களுக்கு அது உதவிதான், நன்றி. டீசலுக்கு அந்தப் பட்ஜெட்டில் ஒன்றும் இல்லை.

2022 மே 22-க்குப் பிறகு சென்னையில் டீசல் 94 ரூபாய் 24 காசு. ஏறத்தாழ இரண்டு வருஷம் அந்த விலை அசையவில்லை. 2022 ஜூனில் பீப்பாய் 116 டாலர் வரைக்கும் போன கச்சா எண்ணெய், 2023 மார்ச்சில் 80-க்குக் கீழே வந்தது. அப்போதும் அசையவில்லை. ஏறும்போது தினசரி விலை, இறங்கும்போது நிரந்தர விலை! அந்த 94 ரூபாயில் மத்திய வரி 15 ரூபாய் 80 காசு, மாநில வரி சுமார் 18 ரூபாய். இரண்டும் சேர்ந்து 33 ரூபாய்க்கு மேல். ஒரு ஏக்கர் நெல்லுக்குச் சேறடிக்க, சமன் பண்ண, அறுக்க, நெல்லைக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோக, எல்லாம் சேர்த்து 25 லிட்டர் என்று வையுங்கள். நம் கமிட்டி மூன்று ஊரில் டிரைவர்களிடம் கேட்டுப் போட்ட கணக்கு இது, மண்ணுக்கு மண் கொஞ்சம் மாறும். ஏக்கருக்கு 800 ரூபாய்க்கு மேல் வரி. குறுவை, சம்பா இரண்டு போகம் என்றால் 1,600. இன்ஜின் வைத்து இறைக்கிறவருக்கு இன்னும் மேலே.

இதில் ஒரு வேடிக்கை. 2021 பிப்ரவரியில் டீசல் மேல் லிட்டருக்கு 4 ரூபாய், பெட்ரோல் மேல் இரண்டரை ரூபாய் என்று ஒரு புதுப் பேர் வந்தது. பேர் என்ன தெரியுமா? விவசாய உள்கட்டமைப்பு மற்றும் மேம்பாட்டு செஸ். அன்றைக்கு மற்ற வரிகளை அதே அளவு குறைத்து விட்டதால் பங்க் விலை ஏறவில்லை, அதையும் சொல்லிவிடுகிறோம். ஆனால் பேரைப் பாருங்கள். விவசாயத்தை மேம்படுத்த, விவசாயி ஊற்றுகிற டீசலில் கூடுதலாகவும் கார்க்காரர் ஊற்றுகிற பெட்ரோலில் குறைவாகவும் வசூல். நம் 25 லிட்டருக்கு ஏக்கருக்கு 100 ரூபாய் நாம் நமக்கே மேம்பாட்டுக்காகக் கட்டுகிறோம். செஸ் என்று போட்டால் மாநிலங்களோடு பங்கு போட வேண்டியதில்லை என்பதும் அதில் ஒரு சூட்சுமம்.

போராடினால் கிடைக்குமா என்று கேட்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கோயம்புத்தூர் பக்கம் 1970-ல் யூனிட் 8 பைசாவாக இருந்த கரண்ட்டை 10 பைசா ஆக்கினபோது நாராயணசாமி நாயுடு தலைமையில் எழுந்தார்கள். பெருமாநல்லூரில் ஜூன் 19-ல் துப்பாக்கிச் சூட்டில் மூன்று பேர் செத்தார்கள். 1972-ல் மாட்டு வண்டிகளைக் கொண்டுவந்து கோவை நகரத்தையே நிறுத்தினார்கள். மறுபடி துப்பாக்கிச் சூடு, மறுபடி உயிர்ப்பலி. அந்த உயிர்களின் பலன்தான் 1984-ல் சிறு விவசாயிக்கும் 1990-ல் எல்லா விவசாயிக்கும் வந்த இலவச மின்சாரம். ஆனால் அதிலும் பட்டியல் இருக்கிறது. 2021-ல் மின் இணைப்பு கேட்டுக் காத்திருந்தவர்கள் நாலரை லட்சம் பேர். கரண்ட் கிடைத்தவனுக்கு இலவசம். கிடைக்காதவன் ஆயில் இன்ஜினில் வரியோடு டீசல் ஊற்றுகிறான். அந்த டீசலை வாங்கப் போனால், கேனில் ஊற்றமாட்டோம் என்கிறார்கள் பங்க்கில். தீப்பிடிக்கும் என்கிற பயம் நியாயம்தான். அதற்காக இன்ஜினை வரப்பிலிருந்து பிடுங்கி பங்க்குக்குத் தூக்கிக்கொண்டா போக முடியும்?

நம் மீனவ சகோதரர்களைப் பாருங்கள். படகுக்கு வருஷத்துக்கு இத்தனை லிட்டர் என்று கணக்கு வைத்து, மாநில விற்பனை வரி இல்லாத டீசல் வாங்குகிறார்கள். போராடி வாங்கினது. அவர்களுக்குப் படகுக்கு நம்பர் இருக்கிறது, புத்தகம் இருக்கிறது. நமக்கு? டிராக்டருக்கு வரிவிலக்கு கொடுத்தால் டிராக்டர்காரரோடு நின்றுவிடும். பத்து ரூபாய் குறைந்தபோது வாடகை குறையாததைப் பார்த்தோமே. ஆகையால் சலுகை வண்டிக்கு வரக்கூடாது, ஏக்கருக்கு வர வேண்டும். சாகுபடி செய்கிறவர் கைக்கு வர வேண்டும்.

இது ஆகாத காரியம் இல்லை. பீகாரில் மழை பொய்த்த 2023-ல் பாசனத்துக்கு டீசல் மானியம் கொடுத்தார்கள். லிட்டருக்கு 75 ரூபாய், ஒரு பாசனத்துக்கு ஏக்கருக்கு 750 ரூபாய். அதில் வாரத்துக்குச் சாகுபடி செய்கிறவரும் உண்டு. கர்நாடகாவில் 2022-23 பட்ஜெட்டில் ரைத்த சக்தி என்று ஏக்கருக்கு 250 ரூபாய், ஐந்து ஏக்கர் வரைக்கும் அறிவித்தார்கள். 250 ரூபாய் ஒன்றும் பெரிய காசு இல்லை. ஆனால் வழி சரியான வழி. பீகாரில் முடிந்தது காவிரிப் பாசனத்தில் முடியாதா?

ஆகையால் இன்றைக்குத் தாசில்தாரிடம் கொடுக்கிற மனுவில் இதைக் கேட்டிருக்கிறோம். போகத்துக்கு ஏக்கருக்கு 800 ரூபாய் டீசல் மானியம், நாம் கட்டின வரியைத்தான் திருப்பிக் கேட்கிறோம். மத்திய அரசு சாகுபடி டீசல் மேல் உள்ள விவசாய செஸ்ஸை எடுக்க வேண்டும். கலெக்டர் முத்தரப்புக் கூட்டம் போட்டு வாடகை நிர்ணயம் பண்ணும்போது, டீசல் ஏறினால் எவ்வளவு ஏறும், இறங்கினால் எவ்வளவு இறங்கும் என்று இரண்டையும் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். பெல்ட் மெஷின் மணிக்குப் பத்து லிட்டர் குடிக்கிறது என்றே வைத்துக்கொண்டாலும், டீசல் 2 ரூபாய் ஏறினால் மணிக்கு 20 ரூபாய்தான் ஏற வேண்டும், 300 இல்லை. வேளாண்மைப் பொறியியல் துறை மெஷின் நமக்கு முறை வருவதற்குள் மழை வந்துவிடுகிறது. ஆகவே கடைமடைச் சொசைட்டிகளுக்கு ஆளுக்கொரு மெஷின் வேண்டும். பற்றாக்குறை வந்தால் சாகுபடிக்கென்று ஒதுக்கி, சொசைட்டி மூலம், பாதுகாப்பான கேனில் கொடுக்க இப்போதே உத்தரவு வேண்டும். வந்த பிறகு கேட்டால் பேரல்காரன் முந்திவிடுவான்.

இதில் எல்லாம் பட்டாவைக் கேட்கக் கூடாது என்பதுதான் நமக்கு முக்கியம். 2019-ல் மத்திய அரசு கொண்டுவந்த 6,000 ரூபாய் திட்டம் பட்டாவைப் பார்த்தது. நிலத்துக்காரர் சென்னையில் இருந்துகொண்டு வாங்குகிறார், சேற்றில் நிற்கிறவருக்கு ஒன்றும் இல்லை. குத்தகையைப் பதிவு பண்ணுகிற சட்டம் 1969-லிருந்தே இருக்கிறது. பதிவு பண்ணப் போனால் நிலத்தையே பிடுங்கிவிடுவார்கள் என்று பயந்து யாரும் போவதில்லை. நம் சங்கத்திலேயே நிலம் கொடுத்திருக்கிற நாலு பேர் இருக்கிறீர்கள். உங்களுக்கும் சொல்கிறோம்: மானியப் பட்டியலில் குத்தகைக்காரர் பேர் எழுதினால் உங்கள் நிலம் ஓடிவிடாது. அதற்குத் தனித் தாளில் எழுதிக் கையெழுத்துப் போடச் சங்கம் தயார். கோபப்படாமல் யோசியுங்கள். கமிட்டியில் இதற்கு எதிர்ப்பு இருந்தது, இன்னும் இருக்கிறது. இருந்தாலும் பெரும்பான்மையாக முடிவு பண்ணிவிட்டோம்.

அரசாங்கம் பட்டியல் எழுதும் வரைக்கும் நாம் காத்திருக்கப் போவதில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து ஊர் ஊராக நோட்டு வருகிறது. ஒவ்வொரு ஊருக்கும் இரண்டு பேர், அதில் ஒருவர் குத்தகை சாகுபடிக்காரர். தெற்குத் தெருக்களிலிருந்துதான் எழுத ஆரம்பிக்கிறார்கள். எந்தப் போகம், எத்தனை மா, எத்தனை மணி நேரம் உழவு, எத்தனை மணி நேரம் அறுப்பு, மணிக்கு என்ன வாடகை கொடுத்தீர்கள் என்பதைச் சொல்லுங்கள். வாடகைக்குத் துண்டுச் சீட்டு இருந்தால் கொடுங்கள், இல்லாவிட்டால் டிரைவர் பேரைச் சொன்னால் போதும். சிட்டா அடங்கல் உள்ளவர்கள் நகல் கொண்டு வாருங்கள். இல்லாதவர்கள் ஒன்றும் கொண்டுவர வேண்டாம், பக்கத்து வயல்காரர் ஒருவரைச் சாட்சிக்குக் கூட்டி வாருங்கள். பெண்கள் பேரில் சாகுபடி என்றால் பெண்கள் பேரையே எழுதச் சொல்லுங்கள், வீட்டுக்காரர் பேரை எழுத விடாதீர்கள். நோட்டு மூன்று வாரத்தில் முடிய வேண்டும். அதற்குப் பிறகு வருகிற விவசாயிகள் குறைதீர்க்கும் நாளில் எல்லா நோட்டையும் தலையில் சுமந்துகொண்டு கலெக்டர் ஆபீஸ் போகிறோம். மாட்டு வண்டி உள்ளவர்கள் வண்டியோடு வரலாம். இல்லாதவர்களுக்கு பஸ் காசுக்கு ஊர்க் கிளையில் சொல்லி வையுங்கள், இரண்டு நாள் முன்னாலேயே சொன்னால் ஏற்பாடு பண்ண வசதியாக இருக்கும்.